முப்பதாம் இலக்க வீதியில் ஒரு வேட்டி

அமெரிக்காவில் லோங் லேக் என்ற பெயரில் எத்தனை ஏரிகள் இருக்கின்றன என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். எண்ணத் தொடங்கியவர்கள் எண்ணி முடித்ததாகத் தெரியவில்லை. நீளமாக ஓர் ஏரியைக் கண்டால் லோங் லேக், வட்டமாகக் கண்டால் ரவுண்ட் லேக், கலங்கிக் கிடந்தால் மட் லேக் என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த ஏரிக்கு நடையைக் கட்டிய மனிதர்கள் அவர்கள். பிற்காலத்தில் மொன்ட்ரியாலில் ஒருவன் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இவற்றுள் எந்த ஏரியின் கரையில் கார் பழுதாகி நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டிவரும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

அந்த ஒருவன் நான். என் தொழில், வழியில் நின்றுபோன அமெரிக்கக் கார்களுக்கு உதவி அனுப்புவது. ஒஹாயோவிலோ விஸ்கான்சினிலோ ஒருவருடைய கார் பெருமூச்சு விட்டு நின்றதும், அவர் தன் அங்கத்துவக் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் இலக்கத்தை அழைப்பார். மணி மொன்ட்ரியாலில் அடிக்கும். அவர் நிற்கும் இடத்தை நான் கண்டறிந்து, அதற்குப் பக்கத்து ஊரில் இழுவை வண்டி வைத்திருப்பவரை எழுப்பி அனுப்ப வேண்டும். நாங்கள் எங்கிருந்து பேசுகிறோம் என்று மட்டும் சொல்லக் கூடாது. வேறொரு நாட்டில் இருப்பவன் தன்னை மீட்கப்போகிறான் என்று தெரிந்தால் வாடிக்கையாளர் பயந்துவிடுவாராம்.

சில மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்றேன். ஓய்வு என்பது மரியாதைக்குச் சொல்வது. இப்போது எல்லாருடைய தொலைபேசியும் தான் நிற்கும் இடத்தைத் தானே சொல்லிவிடுகிறது. திரையில் ஒரு நீலப் புள்ளி துடிக்கிறது, இழுவை வண்டி புறப்படுகிறது. புள்ளிக்கும் வண்டிக்கும் நடுவே உட்கார்ந்திருந்த என்னை, ஒரு கேக் வெட்டி, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கேக் வெட்டிய அன்று காயத்திரி கேட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், என் பக்கத்து மேசை.

“அண்ணை, ஃபோன் இடத்தைக் காட்டாட்டி முந்தி என்ன செய்தனீங்கள்?”

“கேட்டனாங்கள்.”

“ஆரை?”

“நிக்கிற ஆளைத்தான்.”

“அவருக்குத் தெரிஞ்சால் அவர் ஏன் எங்களுக்கு எடுக்கிறார்?”

அச்சொட்டாக இதையே என் முதல் நாளில் எங்கள் மேற்பார்வையாளர் மடாம் ஜினெட் சொன்னார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைச் சொல்ல முடியாது.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சுருக்கமானது. மொன்ட்ரியாலின் கோட்-டெ-நெய்ஜில் ஒரு மாடிக் குடியிருப்பில் நாலு பேரோடு இருந்தேன். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. ஒரு தேவாலயத்தின் நிலவறை விற்பனையில் அட்டை கிழிந்த அமெரிக்க வீதி வரைபடப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். எல்லை தாண்டப் பத்திரம் இல்லாதவன் அதை நாவல் போல வாசித்தேன். பாத்திரங்கள் ஏராளம், கதை கிடையாது, ஆனாலும் கீழே வைக்க மனம் வராது. நேர்முகத்தில் மடாம் ஜினெட், “டுலூத்திலிருந்து தெற்கே போகும் பெருஞ்சாலை எது?” என்று கேட்டார். சொன்னேன். “போயிருக்கிறாயா?” “இல்லை.” “கார் ஓட்டுவாயா?” “மூன்று முறை முயன்றிருக்கிறேன். பரீட்சகர்கள் சம்மதிக்கவில்லை.” வேலை கிடைத்தது. இன்றும் எங்கள் வீட்டில் மனைவிதான் ஓட்டுநர். நெப்ராஸ்காவில் தொலைந்தவர்களை மீட்ட நான், ஆற்றுக்கு அப்பால் இருக்கும் லவாலுக்குப் போகும்போது எந்தப் பாலம் என்று சொல்லத் தெரியாமல் ஏச்சு வாங்குகிறேன்.

மடாம் ஜினெட் கம்பளிச் சட்டையும் செருப்புமாக வேலைக்கு வரும் பெண்மணி. லாக்-சான்-ஜான் பக்கத்து ஆள், ஏரிக்கரையில் வளர்ந்தவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நாங்கள் ஒரு பிழை விட்டால் ஓசையின்றி நடந்து வந்து, மேசையில் ஓர் இளஞ்சிவப்புப் புதினா மிட்டாயை வைத்துவிட்டுப் போவார். ஏசுவதைவிட அது மோசம். சிலருடைய மேசையில் மிட்டாய் குவிந்துகிடக்கும். அவர்கள் நெடுநாள் நீடிக்கவில்லை.

“மனிதர்களிடம் எங்கே நிற்கிறாய் என்று முதலில் கேட்காதே,” என்பார். “தெரியாது என்று வாயால் சொன்னதும் அவர்களுக்குப் பயம் வந்துவிடும். பயந்த ஆளுக்குக் கண் தெரியாது.”

அவருடைய ஒழுங்கு இது. முதலில், கார் வீதிக்கு வெளியே பாதுகாப்பாக நிற்கிறதா. அடுத்து, கூட யார் இருக்கிறார்கள். பிறகு, கடைசியாக எந்தக் கடையில் என்ன வாங்கினார்கள். அமெரிக்கர் ஒருவர் தான் நிற்கும் மாநிலத்தை மறப்பார், கோப்பி வாங்கிய இடத்தை மறக்கமாட்டார். பிறகு, சூரியன் காரின் எந்தப் பக்கம். கடைசியாக, அசையாத ஒன்றைச் சொல்லச் சொல்ல வேண்டும். அசையாத என்பதை அழுத்திக் கேட்க வேண்டும். என் முதல் வாரத்தில் ஒருவர் மண்ணிறப் பசு ஒன்று நிற்கிறது என்றார். நான் அதைப் பதிந்து இழுவை வண்டிக்காரருக்கும் சொல்லிவிட்டேன். அவர் போன நேரம் பசுவுக்கு வேறு வேலை வந்திருந்தது. முதல் மிட்டாய்.

இரண்டாவது மிட்டாய் மினசோட்டாவில் கிடைத்தது. ஒருவர், தன் கார் ஏரியின் நடுவில் நிற்கிறது, ஸ்டார்ட் வரவில்லை என்றார். நான் நடைமுறைப்படி, பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். ஓம், மீன் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். உங்களுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டேன். இந்தக் குளிரில் எதற்கு என்று கேட்டார். உறைந்த ஏரியில் காரை ஓட்டிப்போய், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள் என்பது என் வரைபடப் புத்தகத்தில் இல்லை. அதில் ஏரி எந்தப் பருவத்திலும் நீலமாகத்தான் இருந்தது.

இப்படியே அந்த நாட்டைக் கற்றேன். தண்ணீர்த் தாங்கிகளில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும், அதுவே எங்களுக்கு உயிர்நாடி. ஒரு பெற்றோல் நிலையம், ஒரு வெள்ளைத் தேவாலயம், ஒரு பழைய பீரங்கி, இவ்வளவும் இருந்தால் அது ஊர். மாநிலத்துக்கு மாநிலம் வீதிப் பலகையின் வடிவம் மாறும். நியூயோர்க் மாநிலத்தில் வீதியோரங்களில் உள்ளங்கை அகலத்தில் சின்னப் பச்சைத் தகடுகள் நடப்பட்டிருக்கும். மூன்று வரி எண்கள். முதல் வரி வீதி இலக்கம். இரண்டாவது வரி எந்த மாவட்டம் என்பதைச் சொல்லும். மூன்றாவது, மாவட்ட எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது. அந்தத் தகட்டை அங்கு வாழ்பவர்களே பார்த்திருக்கமாட்டார்கள். நாங்கள் அதைப் பார்த்ததில்லை, ஆனால் வாசிப்போம்.

மாவட்டம் ஏன் முக்கியம் என்றால், ஆபத்து என்று வந்தால் நாங்கள் அவசர இலக்கத்தை அழுத்திப் பயனில்லை. மொன்ட்ரியால் பொலிஸ்தான் எடுக்கும். அந்தந்த மாவட்டத்து ஷெரிஃப் அலுவலகத்தின் நேர் இலக்கத்தைத் தேடி எடுக்க வேண்டும். மாவட்டம் பிழைத்தால் உதவியும் பிழைத்தது.

இனி அந்த அழைப்புக்கு வருகிறேன்.

ஒக்டோபர் மாதம், மாலை வெயில் சாயத் தொடங்கிய நேரம். திரையில் அங்கத்தவர் பெயர் யோகநாதன் என்று வந்தது. ஆண், ஐம்பதைத் தாண்டியவர், மொன்ட்ரியால் முகவரி. எங்கள் ஆட்களும் அமெரிக்கா போய்வருவதால் அங்கத்துவம் வைத்திருப்பது வழக்கம். வணக்கம் கூறி, யார் பேசுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“ஐ ஆம் யோகநாதன்,” என்றது ஒரு பெண் குரல்.

பிறந்த தேதியைக் கேட்டேன். மூச்சு விடாமல் ஒப்பித்தார். எங்கள் ஆட்களிடையே கார்டு என்பது குடை மாதிரி. மழைக்குள் போகிறவரிடம் கொடுத்துவிடுவது. கொடுக்கும்போது, ஆர் கேட்டாலும் என்ர பெயரைச் சொல்லுங்கோ என்றும் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் சேவை அங்கத்தவருக்கு மட்டும் என்பது விதி. அங்கத்தவர் காரில் இல்லை என்று தெரிந்தால் நான் வண்டி அனுப்பக் கூடாது. ஆகவே தெரியாதவனாகத் தொடர்ந்தேன்.

“கார் பாதுகாப்பாக நிற்கிறதா?”

“யெஸ்.”

“கூட யாராவது இருக்கிறார்களா?”

“நோ. அலோன்.”

“சுற்றிலும் என்ன தெரிகிறது?”

“ட்ரீ. லேக்.”

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆனால் அவர் என்னைக் கேட்டார். ட்ரக் முன்னால் இருந்து வருமா, பின்னால் இருந்து வருமா. கொஞ்சம் பொறுத்து, டிரைவர் வீதியோரத்தையும் பார்த்துக்கொண்டு வருவாரா. மறுபடியும், வீதியோரத்தை வடிவாகப் பார்ப்பாரா.

தனியாக நிற்கும் ஆள் இப்படிக் கேட்கமாட்டார். வீதியோரத்தில் யாரோ இருக்கிறார்கள். அந்த யாரோவைச் சொல்ல இவருக்கு வழியில்லை. ஏனென்றால் கார்டில் ஒரு பெயர்தான் இருக்கிறது, அந்தப் பெயரை இவரே எடுத்துவிட்டார்.

எங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். ஆங்கிலம், பிரெஞ்சு தவிர வேறு மொழி பேசக் கூடாது. நான் பேசினேன்.

“அக்கா, ஆர் றோட்டிலை நிக்கினம்?”

அதோடு அவருடைய ஆங்கிலம் நின்றது.

“நீங்கள் தமிழோ?”

“ஓம் அக்கா.”

“ஊரிலை எவடம்?”

தான் நிற்கும் இடம் தெரியாத ஒரு பெண்மணி, நான் எந்த இடம் என்று கேட்கிறார். அவருக்கு இது வேடிக்கை இல்லை. நான் நம்பக்கூடிய ஆளா, கார்டு விஷயத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆளா என்று தெரியாமல் வாய் திறக்க முடியாது.

“கரவெட்டி.”

“கரவெட்டியிலை எந்தப் பக்கம்?”

“நெல்லியடிச் சந்திக்குக் கிட்ட. போஸ்ட் மாஸ்டரின்ர கடைசி மகன்.”

“அப்ப சரி,” என்றார். “இவர் நடந்து போட்டார் தம்பி. போய்க் கனநேரம். சுகர்காரன். மருந்து போட்டவர், சாப்பிடேல்லை.”

இதற்குள் மடாம் ஜினெட் என் பின்னால் வந்து நின்றார். தன் ஹெட்செட்டை என் இணைப்பில் செருகிக்கொண்டு கேட்டார். ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. நான் துண்டுக் காகிதத்தில், கணவர் நடந்து போய்விட்டார், நீரிழிவு, என்று எழுதினேன். அவர் கையை நீட்டி, எந்தப் பக்கம், என்ன உடுப்பு, என்று அடியில் எழுதினார்.

அக்காவின் பெயர் பரமேஸ். கணவர் குணரத்தினம். மகள் நியூயோர்க் மாநிலத்து யூட்டிக்காவில் வீடு வாங்கியிருக்கிறாள், காலையில் குடிபுகுதல், முடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். நான் மடாமின் ஒழுங்குப்படி, வழியில் கடைசியாக என்ன வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்டும் வாங்கேல்லை. மகள் எல்லாம் கட்டித் தந்தவள். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, தண்ணி.”

“பெற்றோல்?”

“அவவின்ர வீட்டடியிலையே அடிச்சிட்டம்.”

மடாமின் முறை முழுவதும், மனிதர்கள் வழி நெடுக எதையாவது வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் நின்றது. ஒரு தமிழ்க் குடும்பம் வாழையிலையில் கட்டிய சாப்பாட்டோடு ஒரு மாநிலத்தையே கடந்துவிடும் என்று அவருக்குத் தெரியாது.

“அவர் எந்தப் பக்கம் நடந்தவர் அக்கா?”

“முன்னுக்கு. பின்னுக்கு ஒரு கடை கண்டனாங்கள், உதவி கேக்க அங்கை போங்கோ எண்டன். நல்ல காரியத்துக்குப் போட்டு வரேக்கை திரும்பிப் போகப்பிடாதாம். முன்னுக்கும் ஒரு கடை இருக்கும்தானே எண்டிட்டுப் போட்டார். சாப்பிட்டிட்டுப் போங்கோ எண்டும் சொன்னன். வந்து சாப்பிடுறன் எண்டவர்.”

“வழியிலை ஏதும் போர்ட்?”

“லோங் லேக் எண்டு கண்டன்.”

யூட்டிக்காவிலிருந்து மொன்ட்ரியாலுக்குக் காடு வழியாக வருபவர் காணும் லோங் லேக் ஒன்றுதான். சூரியன் சாரதிப் பக்கம் என்றார், ஆகவே வடக்கே பார்த்து நிற்கிறார்கள். முப்பதாம் இலக்க வீதி. லோங் லேக் கிராமத்தைத் தாண்டி வடக்கே போனால் அடுத்த ஊர் வரை காடு. கடை கிடையாது.

“அசையாத ஏதாவது தெரியுதோ?”

“ஒரு கரடி நிக்குது.”

“அசையுதோ?”

“மரத்தாலை செய்தது தம்பி. பூட்டின கடை ஒண்டுக்கு முன்னாலை.”

அந்த மலைப்பக்கத்தில் மரக்கரடி இல்லாத கடையைக் காண்பதுதான் அரிது. பச்சைத் தகட்டைக் கேட்டேன். அவருக்குக் காரை விட்டு இறங்கப் பயம். இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று எனக்குப் பயம். “நான் விடமாட்டன் அக்கா, இறங்குங்கோ,” என்றேன், விடுவதும் விடாததும் என் கையில் இருப்பதுபோல. சரளைக் கல்லில் காலடி கேட்டது. காற்று கேட்டது.

“கிடக்கு. சின்ன எழுத்து. மூண்டு, சைபர்...”

வாசித்து முடித்தபோது மடாம் ஏற்கனவே வரைபடத்தில் விரலை வைத்திருந்தார். ஹமில்ட்டன் மாவட்டம். ஆனால் கொஞ்ச தூரம் வடக்கே மாவட்டம் மாறுகிறது. நடந்துபோன மனிதர் எல்லையைக் கடந்திருக்கலாம். மடாம் இரண்டு மாவட்டத்து ஷெரிஃப்களுக்குமாக இரண்டு தொலைபேசிகளை எடுத்தார்.

“என்ன உடுப்பு அக்கா?”

“வேட்டியோடைதான் போனவர். காருக்குள்ளை ஆர் பாக்கப் போறாங்கள் எண்டு மாத்தேல்லை. மேலை குளிர் ஜாக்கெட்.”

வேட்டியை ஆங்கிலத்தில் எழுத நான் எடுத்த முயற்சியைப் பார்த்துவிட்டு மடாம் தானே சொன்னார். “வெள்ளைத் துணி. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை. ரோமானியர் போல.” மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். “இல்லை, துறவி இல்லை. மனைவி இருக்கிறார்.”

காத்திருக்கும் நேரத்தில் மௌனம் விழக் கூடாது என்பதும் மடாமின் விதி. நான் பரமேஸ் அக்காவிடம், பால் பொங்கியதோ என்று கேட்டேன்.

“கிழக்காலை பொங்கி வழிஞ்சது. எல்லாரும் நல்லது எண்டவை. நல்லது எண்டால் ஏன் தம்பி கார் நிண்டது?”

“கார் பாலுக்குக் கட்டுப்படாது அக்கா,” என்றேன். ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. மரங்களுக்கு மேலே வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். குறையுது என்றார். வீதியில் யாராவது வருகிறார்களா என்று அவர் எட்டிப் பார்ப்பதும், இல்லை என்று பெருமூச்சு விடுவதும் எனக்குக் கேட்டது. இத்தனை வருட வேலையில் நான் காண முடியாத வீதிகளைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அந்த ஒரு வீதியை அன்றுதான் பார்க்க வேண்டும் போல இருந்தது.

மடாமின் தொலைபேசி அடித்தது. கேட்டார். வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“படகு இறக்கும் துறையில் வெள்ளைத் துணியோடு ஒருவர் இருக்கிறாராம். மீன்பிடிக்க வந்த இரண்டு பேரின் சாண்ட்விச்சைச் சாப்பிடுகிறார். ஆனால் அவர் குணரத்தினம் இல்லையாம். பெயர் கேட்டால் யோகநாதன் என்கிறார். குணரத்தினத்தைத் தொடர்ந்து தேட வேண்டுமா என்று கேட்கிறார்கள்.”

கார்டுக்கார யோகநாதன் சொல்லிக்கொடுத்த பாடத்தை மனிதர் பொலிஸ்காரனிடமும் ஒப்பித்திருக்கிறார். அவர்தான் குணரத்தினம் என்று நான் சொன்னால் கார்டு அவருடையது இல்லை என்றாகும். சொல்லாவிட்டால், கண்டுபிடிக்கப்பட்ட மனிதரைக் காடெல்லாம் தேடுவார்கள், மனைவி இருட்டும்வரை வீதியில் நிற்பார். எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

மடாம் என் திரையைப் பார்த்தார். அங்கத்தவர் யோகநாதன், ஆண் என்று அதில் இருந்தது. என்னைப் பார்த்தார்.

“ஹமில்ட்டன் மாவட்டத்தில் இன்று வெள்ளைத் துணியோடு எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று நினைக்கிறாய்?”

“ஒருவர்தான், மடாம்.”

அவர் தொலைபேசியிலிருந்து கையை எடுத்தார். “அவர் எங்கள் அங்கத்தவர்தான். தன் பெயரைத் தானே பொலிஸிடம் சொல்லியிருக்கிறார். நாங்கள் யார் மறுக்க? மற்றப் பெயர் எங்கள் பிழை. தேடுவதை நிறுத்துங்கள், அவரைக் காருக்குக் கூட்டிப்போங்கள்.”

நான் அக்காவிடம் சொன்னேன். “ஆள் கிடைச்சிட்டார். சுகமாய் இருக்கிறார். பொலிஸ் கூட்டிக்கொண்டு வருது, ட்ரக்கும் வருது, பயப்பிடாதேங்கோ.”

“சாப்பிட்டவரோ?”

“ஓம் அக்கா.” என்ன சாண்ட்விச் என்று நான் விசாரிக்கவில்லை. குடிபுகுதல் நாளில் அது தெரியாமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது.

அதன்பின் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “நீங்கள் அமெரிக்காவிலை எவடத்திலை தம்பி?” என்றார்.

“கொஞ்சம் தூரம் அக்கா.”

“மொன்ட்ரியாலுக்கு வந்தால் வீட்டை வரவேணும். மொன்ட்ரியால்-நோரிலை கேட்டால் எங்களை ஆரும் காட்டுவினம்.” எந்த பஸ் என்றும் சொன்னார். அந்த பஸ் எங்கள் அலுவலக வாசலில் நிற்கும். அப்போதும் நின்றுகொண்டிருந்தது.

அழைப்பு முடிந்ததும் மடாம் இரண்டு மிட்டாய்களை என் மேசையில் வைத்தார்.

“ஒன்று, நீ பேசிய மொழிக்கு.”

“மற்றது?”

“மற்றது என்னுடையது,” என்று அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நடந்தார்.

பிறகு எனக்குப் பத்திரங்கள் கிடைத்தன. ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கினோம். மடாம் ஓய்வு பெற்றுத் தன் ஏரிக்கரைக்குத் திரும்பினார். முப்பதாம் இலக்க வீதிக்கு நான் இன்னும் போகவில்லை. மனைவி கூட்டிப்போகத் தயார். நான்தான் தள்ளிப்போடுகிறேன். அங்கே கரடி இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு தயக்கம்.

போன மாதம் மொன்ட்ரியால்-நோரில் ஒரு கல்யாணச் சாப்பாடு. வட்ட மேசையில் என் எதிரே ஒரு முதியவர், வேட்டி கட்டி, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“...நடுக்காடு. முன்னுக்கு ஒரு கடை கிடக்கெண்டு எனக்குத் தெரியும். போற வழியிலை ரெண்டு வெள்ளைக்காரர் விடமாட்டம் எண்டு பிடிச்சு இருத்திச் சாப்பாடு தந்தவங்கள்.”

“என்ன சாப்பாடு?” என்று ஒருவர் கேட்டார்.

“சீஸ்,” என்றார் முதியவர், கொஞ்சம் விரைவாக. “உவவோடை கதைச்சவன் அமெரிக்காவிலை பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெடியன். அங்கத்தைக் காடு மேடெல்லாம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. அவன் தினம் கார் ஓடுற இடமாம்.”

என் வலப்பக்கம் இருந்தவர் சலித்துக்கொண்டார். “உம்மடை கதையிலை எனக்குத்தான் நட்டம். அண்டைக்குத் தொடக்கம் அமெரிக்கப் பொலிஸிட்டை என்ர பெயர் கிடக்கு.” திரும்பி என்னிடம், “நீங்கள் அமெரிக்கா போயிருக்கிறியளோ?” என்று கேட்டார்.

“இல்லை யோகண்ணை,” என்றேன். தன் பெயர் எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் யோசிக்கவில்லை. கல்யாண வீடுகளில் யாரும் யோசிப்பதில்லை.

முதியவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, வடைத் தட்டைக் கையில் எடுத்தவர், அப்படியே நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைச் சரித்துக் காதைக் கொடுத்தார்.

“தம்பி, ஊரிலை எவடம்?”

“கரவெட்டி அக்கா.”

“நெல்லியடிச் சந்திக்குக் கிட்டவோ?”

“ஓம்.”

குணரத்தினத்தார் பொலிஸ் காரில் ஏறிய கட்டத்தை விவரித்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கதையைத் தடுக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து என் இலையில் இரண்டு வடை வைத்தார். யோசித்து, மூன்றாவதையும் வைத்தார்.

“எனக்கு?” என்றார் யோகண்ணை.

“உங்களுக்குக் கொலஸ்ட்ரோல்,” என்றார் அக்கா. “நீங்கள் கார்டு தந்ததே போதும்.”